செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

படையும் காவல்துறையும் சிறைச்சாலையும் ஓர் அரசின் கைக்குள் இருப்பவை. வரி விதிப்பதும் வேலை கொடுப்பதும் அதனிடமே உள்ளன. செய்தித்தாளும் வானொலியும் பல நாடுகளில் அதன் குரலாகவே ஒலிக்கின்றன. இத்தனையும் பெற்ற ஓர் அரசு, தன்னைக் காத்துக்கொள்ள மேலும் ஒரு கூட்டத்தைத் திரட்டுவது எதற்காக? கட்சித் தொண்டர்கள் தேர்தல் காலத்தில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பதை நான் குறிப்பிடவில்லை. அது மக்களாட்சியின் அன்றாட வேலை. அரசை எதிர்த்துப் பேசுவோரை அடக்குவதற்கென்று, அரசின் அரவணைப்பில், ஆனால் அரசின் பெயரைத் தாங்காமல் அமைக்கப்படும் குழுக்களையே குறிப்பிடுகிறேன்.

மக்களை அச்சுறுத்துவதற்காக என்று விடை கூறுவோர் உண்டு. அவ்விடை போதாது. அச்சுறுத்தும் வேலையைத் துப்பாக்கி ஏந்திய காவலர் இன்னும் செம்மையாகச் செய்து முடிப்பார். ஆனால், துப்பாக்கியால் பெற முடியாத ஒன்று உண்டு. 'மக்கள் எங்கள் பக்கம் நிற்கின்றனர்' என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பே அது. காவலர் சுட்டால் அதில் அரசின் கையொப்பம் இருக்கும். சுட்டவர் யார், ஆணையிட்டவர் யார் என்று என்றேனும் ஒருநாள் எவரேனும் கேட்கக்கூடும். கூட்டத்திலிருந்து பறந்து வரும் கல்லிலோ எவருடைய கையொப்பமும் இல்லை. 'மக்கள் சினந்தனர், கல்லெறிந்தனர், நாங்கள் என் செய்வோம்?' என்று கூறி அரசு ஒதுங்கிக்கொள்ளலாம். பொறுப்பிலிருந்து விடுதலை பெறுவதற்கே இத்தகைய குழுக்கள் அரசுக்குத் தேவைப்படுகின்றன. அந்த விடுதலைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

இதனை ஆராய, அண்டை நாடாகிய பர்மாவின் வரலாறு ஏற்ற பாடமாகும். இன்று மியன்மார் என வழங்கும் அந்நாடு நமக்கு முற்றிலும் அயல் அன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அதுவே. நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் பால்வெட்டிக் களைத்து வந்து உண்டது ரங்கூன் அரிசிச் சோறு. சோற்றைப் பற்றிய பேச்சு பின்னர் வரும், அது நிற்க.

பர்மாவில் 1962-இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். பர்மா சோசலிசத் திட்டக் கட்சி என்னும் ஒரே கட்சியின் ஆட்சி வந்தது. 1974-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதற்குச் சட்ட வடிவும் தந்தது. இருபத்தாறு ஆண்டுகள் நாட்டை ஆண்ட அந்தக் கட்சி, 1988 ஆகஸ்டு 8-ஆம் நாள் வெடித்த பெருங்கிளர்ச்சியின் முன் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. அதன் உறுப்பினர் பலர் தாமே விலகி ஓடினர். செப்டம்பர் 18-இல் இராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. 1990 மே 27-இல் நடந்த தேர்தலில், போட்டியிடப்பட்ட 485 இடங்களில் 392 இடங்களை ஆங் சான் சூச்சியின் மக்களாட்சிக்கான தேசியக் கழகம் வென்றது. பழைய ஆளுங்கட்சி புதுப்பெயர் சூட்டிக்கொண்டு நின்று, 10 இடங்களை மட்டும் பெற்றது. இராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை.

தளபதிகளிடம் படை இருந்தது. 'நாங்கள் இவர்களோடு இருக்கிறோம்' என்று தெருவில் நின்று சொல்ல ஆள்தான் இல்லை. அந்தக் குறையை நீக்க 1993 செப்டம்பர் 15-இல் ஒன்றிய ஒற்றுமை மேம்பாட்டுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இராணுவ ஆட்சியின் தலைவரான தான் ஷ்வே அதன் புரவலர். அது கட்சியாகப் பதிவு பெறவில்லை. உள்துறை அமைச்சின்கீழ்ச் சமூக அமைப்பாகப் பதிவு பெற்றது. இந்தப் பதிவில் ஒரு நுட்பம் உண்டு. அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது என்பது அந்நாட்டு விதி. சங்கமோ கட்சி அன்று. ஆகவே சேரலாம். சேரலாம் என்பது விரைவில் சேர வேண்டும் என்றாயிற்று. கட்சியில் சேராதே என்று தடுத்த அதே கை, சங்கத்தின் படிவத்தை எடுத்து நீட்டியது.

ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில், இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் தன் உறுப்பினர் எனச் சங்கம் பின்னாளில் பறைசாற்றிக்கொண்டது. இவர்களில் ஆசையால் சேர்ந்தோர் உண்டு. சங்கம் ஆங்கில வகுப்பும் கணினி வகுப்பும் நடத்தியது. தொழில் செய்வோருக்குச் சலுகைகள் கிடைத்தன. அச்சத்தால் சேர்ந்தோர் உண்டு. சேர்ந்ததையே அறியாதோரும் உண்டு. பள்ளிகளில் வகுப்பு வகுப்பாக மாணவர் பெயர்கள் பட்டியலில் ஏற்றப்பட்டன என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. தமிழாசிரியராகிய நாம் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? ஆசிரியரிடம். அதைப் படியெடுத்துக் கொடுத்தவர் யார்? ஆசிரியரே. அவருக்கும் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். நாள் குறிக்கப்பட்டிருக்கும். 'வெறும் பெயர்தானே' என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

சங்கத்தின் சீருடை வெள்ளைச் சட்டையும் பச்சை நிறத் துணியும் ஆகும். பர்மியப் பள்ளி மாணவரும் ஆசிரியரும் அணியும் சீருடையும் வெள்ளையும் பச்சையுமே. 2006-இல் நாடுகடந்து வாழ்ந்த பர்மியர் சிலர் இந்தச் சங்கத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வறிக்கைக்கு 'வெள்ளைச் சட்டைகள்' என்றே பெயர் சூட்டினர்.

வெறும் பெயர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்ப்போம். 1996 நவம்பர் 9-இல் இரங்கூன் நகரில் ஆங் சான் சூச்சியும் அவர் கட்சி மூத்தோரும் சென்ற ஊர்திகளை ஏறத்தாழ இருநூறு பேர் தாக்கிக் கண்ணாடிகளை நொறுக்கினர். அவர்கள் சங்கத்தாரே என்றும், ஆளுக்கு 500 கியாட் கூலி பேசப்பட்டது என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. ஏழாண்டுகள் கழித்து, 2003 மே 30-ஆம் நாள் மாலை, வடபகுதியில் தெப்பாயின் என்னும் ஊருக்கு அருகில் அவருடைய ஊர்வலத்தைப் பெருங்கூட்டமொன்று சூழ்ந்துகொண்டது. மூங்கில் கழிகளாலும் இரும்புத் தண்டுகளாலும் தாக்குதல் நடந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் செலுத்தியதால் சூச்சி உயிர் தப்பினார். இறந்தோர் நால்வர் என்றது அரசு. எழுபது பேர் அளவில் என்றனர் எதிர்த்தரப்பினர். தாக்கியோர் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டனர் என்றும், சங்கத்தார் அவர்களுள் இருந்தனர் என்றும் தப்பியவர்கள் சாட்சியம் கூறினர். அரசோ, இரு தரப்பு மக்களுக்கிடையே நேர்ந்த மோதல் என்று அறிவித்தது. தாக்கியவர் எவரும் தண்டனை பெற்றதாகச் செய்தியில்லை. தாக்கப்பட்ட சூச்சியைப் 'பாதுகாப்புக் காவலில்' வைத்தனர்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். ஆசிரியர் வெளியே செல்லும்போது அவனிடம் பிரம்பைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆசிரியரின் அடியைவிடச் சட்டாம்பிள்ளையின் அடி கொடிது என்று பழைய மாணவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். ஏன்? ஆசிரியருக்கு எல்லை உண்டு. பெற்றோருக்கு விடை சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளைக்கு ஆசிரியரை மகிழ்விப்பது ஒன்றே நோக்கம். பெற்றோர் வந்து முறையிட்டாலோ, 'பையன்களுக்குள் சண்டை. நான் அப்போது இங்கில்லை' என்று ஆசிரியர் கூறிவிடலாம். தெப்பாயினைப் பற்றிய அறிவிப்பும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. 2007-இல் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மக்களும் பின்னர்ப் பிக்குகளும் தெருவில் இறங்கியபோது, 'ஸ்வான் ஆ ஷின்', அதாவது ஆற்றலுடையோர், என்ற பெயரில் மற்றொரு குழு வந்து, எதிர்ப்பாளரைப் பிடித்து வண்டியில் ஏற்றியது. அவர்களும் சீருடை அணியாத பொதுமக்கள்தாமாம்!

இனி, இக்குழுக்களுக்காகப் பேசுவோர் கூறும் ஒரு நியாயத்தைப் புறக்கணிக்காமல் கேட்க வேண்டும். 'அரசு எனக்கு வேலை தந்தது. என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதற்கு ஓர் இடையூறு வரும்போது நான் துணை நிற்பது நன்றியன்றோ?' என்பது அந்த நியாயம். தமிழ் மரபில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். கர்ணனையும் கும்பகருணனையும் நாம் இதனாலேயே போற்றுகிறோம். நன்றி மறத்தலைப் பெரும் பழியாகக் கருதும் மக்களிடம் இந்த வாதம் எளிதில் செல்லும். நம் வகுப்பறைகளிலும் எவ்வளவோ முறை இதனைப் போற்றிக் கற்பித்திருக்கிறோம்.

ஆயினும், கும்பகருணனை முழுமையாகக் கற்பித்தோமா என்பது ஐயமே. கம்பர் காட்டும் கும்பகருணன், போருக்கு எழுந்தவுடன் ஆயுதத்தைத் தேடவில்லை. அண்ணன் செய்தது தவறு என்று அவையிலேயே எடுத்துரைக்கிறான். சீதையை விட்டுவிடு என்கிறான். இராவணன் சினந்து இழிவாகப் பேசிய பின்னரே களம் புகுகிறான். அவன் முடிவு சரியா என்பதைப் பற்றி ஆசிரியர் அறையில் எத்தனை நாளும் வாதிடலாம். என் மனம் வீடணன் பக்கமே சாய்கிறது. ஆனால் அவனுடைய கடன் தீர்ப்பு இடித்துரைத்தலில் தொடங்கியது என்பதில் ஐயமில்லை. இடித்துரைப்போர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவரும் கூறினார். வெள்ளைச் சட்டை அணிந்து வரிசையில் நின்ற ஆசிரியருக்கு இந்த உரிமை இருந்ததா? 'தேர்தல் முடிவை மதித்து ஆட்சியை ஒப்படையுங்கள்' என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் கூற முடிந்திருக்குமா? முடியாதெனில், அவரிடம் கேட்கப்பட்டது கும்பகருணனின் கடமையில் பாதி மட்டுமே. கை வேண்டும், வாய் வேண்டா என்பது அந்தக் கோரிக்கை.

இன்னொன்றும் உண்டு. அது யாருடைய சோறு? துரியோதனன் கர்ணனுக்குத் தன் நாட்டிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தான். இராவணன் இலங்கையைத் தன் உடைமையாகக் கருதினான். முடியாட்சியில் நாடு மன்னனுடையது என்று கொண்டதால் சோறும் அவனுடையதாயிற்று. இன்றைய அரசு அவ்வாறானதன்று. பர்மாவில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவனின் உழைப்பே அந்நாட்டு வருவாய்க்கு அடிப்படை. ஆசிரியரின் சம்பளமும் அதிலிருந்து வந்தது. தளபதியின் சம்பளமும் அதிலிருந்தே வந்தது. ஆளுங்கட்சி அந்தச் சோற்றைப் பரிமாறும் அகப்பையைச் சில காலம் பிடித்திருந்தது, அவ்வளவே. அகப்பை பிடித்தவனுக்குக் கடன் தீர்ப்பதற்காக நெல் விளைத்தவனின் மண்டையை உடைப்பதை எந்த நன்றியில் சேர்ப்பது? நாமும் அரசூதியம் பெறுவோர். இந்தக் கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வது நமக்கும் வேண்டியதே.

அப்படியானால் படிவத்தில் கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் தெப்பாயின் கொலைக்குப் பங்காளியா? ஆம் என்பது கொடுமை. இல்லை என்பது எளிமை. லாரிகளை அனுப்பியவனின் குற்றமும், கழியை ஓங்கியவனின் குற்றமும், பட்டியலில் பெயர் இருந்தவனின் குறையும் ஒரே தராசில் நிற்கமாட்டா. ஒருவேளை அரிசிக்காக ஏறி வந்த கூலியாளின் வறுமையை, வயிறு நிறைந்தவர் எளிதில் இகழ்ந்துவிடக் கூடாது. ஆனாலும் பட்டியலுக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டு கோடிப் பெயர்கள் இல்லாமல் இருநூறு கழிகளை 'மக்கள்' என்று அழைத்திருக்க முடியாது. அமைதியாக வீட்டில் இருந்த உறுப்பினரின் பெயரே, தெருவில் அடித்தவனுக்குப் போர்வையாயிற்று. கையொப்பமிட்டவர் அடிக்கவில்லை என்பது உண்மை. தம் பெயரைக் கொடுத்தார் என்பதும் உண்மை. பெயரைத் தவிர வேறு உடைமை இல்லாத எளிய மனிதருக்கு அது சிறிய கொடையன்று.

கட்டாயத்தால் பெற்ற பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பிற்காலம் காட்டியது. 2010-இல் அந்தச் சங்கம் தன் பெயரில் 'சங்கம்' என்பதை நீக்கிக் 'கட்சி' என்று வைத்துக்கொண்டது. சொத்துகளும் கட்சிக்கே போயின. அவ்வாண்டு நவம்பரில், சூச்சியின் கட்சி ஒதுங்கி நின்ற தேர்தலில் வென்று ஆட்சியையும் அமைத்தது. 2015 நவம்பர் 8-இல் ஓரளவு தடையற்ற தேர்தல் வந்தபோதோ, மக்களவையில் எதிர்க்கட்சிக்கு 255 இடங்களும் அதற்கு 30 இடங்களும் கிடைத்தன. கோடிக்கணக்கான உறுப்பினர் எங்கே போயினர்? எங்கும் போகவில்லை. வாக்குச்சாவடித் தட்டியின் மறைவில், தாம் விரும்பியதைச் செய்துவிட்டு வீடு திரும்பினர்.

கூலிக்கும் அச்சத்துக்கும் வராமல் தானே திரளும் கூட்டம் மட்டும் நேர்மையானது என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கே பர்மாவே நம்மைத் தடுக்கிறது. 2017-இல் இராணுவத்தின் கொடுமைக்கு அஞ்சி, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரொகிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினர். 2019 டிசம்பரில் தி ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் அந்நாட்டின் சார்பில் வாதாடச் சென்றவர், அப்போது ஆட்சியில் இருந்த அதே சூச்சி. அவருக்கு ஆதரவாக யாங்கோனிலும் பிற நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர். அவர்களை லாரியில் ஏற்றி வரவேண்டிய தேவை இருக்கவில்லை. உள்ளன்போடு வந்தனர். எனினும் வீடிழந்து ஓடியவர்களைப் பற்றி அந்த ஊர்வலங்களில் எத்தனை பேர் எண்ணினர்? தாம் நேசித்த தலைவியிடம் 'அம்மையே, இது தகாது' என்று கூறும் கும்பகருணர் அங்கும் அரியவராகவே இருந்தனர். வெள்ளைச் சட்டைக்காரன் வாய் திறக்க அஞ்சினான். இவர்கள் வாய் திறக்க விரும்பவில்லை. பின்னது திருத்துவதற்கு அரிய நோய் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கலாகாது: இவர்கள் எவர் மண்டையையும் உடைக்கவில்லை, விரும்பிய நாளில் வீடு திரும்பவும் அவர்களால் முடிந்தது.

2021 பிப்ரவரி 1-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அதே மாதம் 25-ஆம் நாள் யாங்கோனின் நடுப்பகுதியில் இராணுவ ஆதரவுக் கூட்டமொன்று கத்தியோடும் கவணோடும் வந்து எதிர்ப்பாளரைத் தாக்கியது. பின்னர் ஊர்ப்புறங்களில் பியூ சோ டீ என்று பழைய மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கிய ஆயுதக் குழுக்கள் எழுந்தன. அடுத்தடுத்த ஊர்கள் பகையாயின, வீடுகள் எரிந்தன. கழி, துப்பாக்கியாக மாறிய கதையை விரித்துரைக்க நெஞ்சம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டில் பர்மிய ஆசிரியர்கள் செய்ததையே கூற விரும்புகிறேன். அரசு ஊழியர் பணிக்குச் செல்லாமல் எதிர்ப்புக் காட்டும் இயக்கத்தை மருத்துவர்கள் தொடங்கினர். ஆசிரியர்கள் திரளாகச் சேர்ந்தனர். ஒரு காலத்தில் படிவம் நீட்டப்பட்ட அதே தொழிலார், அதே வெள்ளையும் பச்சையும் அணிந்து தெருவில் நடந்தனர். இம்முறை எவரும் பெயர்ப் பட்டியல் கேட்டு எடுத்துச் செல்லவில்லை. பட்டியல் பின்னர்தான் வந்தது, தண்டிப்பதற்காக. நாட்டிலிருந்த ஏறத்தாழ நான்கு இலட்சத்து முப்பதாயிரம் பள்ளி ஆசிரியருள் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர் என்று அவர்களுடைய கூட்டமைப்பின் பொறுப்பாளர் 2021 மே மாதம் செய்தியாளரிடம் தெரிவித்தார். பணிக்குத் திரும்பிய ஆசிரியரும் பலர். அவர்களை இங்கிருந்துகொண்டு பழிக்க எனக்கு மனமில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய கட்டாயத்தை நானும் அறிவேன். திரும்பாதவருள் சிலர் எல்லை கடந்தனர். சிலர் சிறை சென்றனர். வேறு சிலர் சிற்றூர்களில் மரத்தடியிலும் மடங்களிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தறிவித்தனர். முறையான சம்பளம் பலருக்கும் இல்லை. ஊரார் திரட்டிக் கொடுத்ததைக் கொண்டு வகுப்பு நடந்தது.